வயிறும் புஜமும்: வட சிலாங்கூர் தோட்டத்து இளையோருக்கு ஒரு திறந்த மடல்

ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் எடை தூக்கிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

உங்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, முதல்ல நல்லா தின்னு உடம்ப ஏத்திட்டு அப்புறம் வயித்தக் குறைக்கிறதா, இல்ல வயித்தக் குறைச்சிட்டு அப்புறம் ஏத்துறதா?" வீடியோவில் பேசுகிறவர்கள் ஆறு மாதம் ஏற்று, மூன்று மாதம் இறக்கு என்று அட்டவணை கொடுக்கிறார்கள். ஏற்கெனவே கட்டுமஸ்தாக இருந்து மேடை ஏறப் போகிறவனுக்கு அது சரி. உங்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். அதுவும் வீட்டுச் சோற்றிலேயே செய்யலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நம் உடம்பைப் பற்றி ஒரு விஷயம். மெல்லிய கை, மெல்லிய கால், நடுவில் மட்டும் ஒரு பானை. இருபத்தைந்து வயதில் பேண்ட் அளவு கூடுகிறது, சட்டைக் கை மட்டும் தொளதொளவென்று இருக்கிறது. தராசில் ஏறினால் 65 கிலோ, "நார்மல்" என்று காட்டுகிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் யட்கின். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் அச்சு அசலாக ஒன்றே, 22.3. உடம்பில் இருந்த கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே விகிதம், இரட்டிப்புக்கு மேல் கொழுப்பு. அந்தப் படத்தில் இருப்பது நம் மாமாக்களில் பாதிப் பேர்.

இதன் விலையை நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் எடுத்தால் 31.4 சதவீதம். மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அந்தச் சர்க்கரைக்குப் போக்கிடம் குறையும். ஆகவே கண்ணாடி முன் நின்று புஜத்தை மடக்கிப் பார்ப்பதைக் கண்டு அம்மா சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் செய்வது வெறும் அலங்காரம் கிடையாது.

"நம்ம தாத்தாவுக்கெல்லாம் ஜிம்மா இருந்துச்சு?" என்று ஒரு பேச்சு வரும். தாத்தா விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார். நானூறு ஐந்நூறு கித்தா மரம் வெட்டினார், காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடந்தார். கித்தாவை வெட்டிச் செம்பனை வைத்த பிறகு, இருபது கிலோ குலையை வெட்டி, தூக்கி, லாரியில் எறிந்தார். அவர் சாப்பிட்ட சோறு அவ்வளவும் அந்த வேலையில் செலவானது. இப்போது குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியாக்காரரும் வங்காளதேசத்தவரும். நம் பிள்ளைகள் ரவாங்கிலும் சுங்கை பூலோவிலும் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், பாதுகாவலர் கூண்டில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். வேலை போய்விட்டது, தட்டு மட்டும் மாறவில்லை. ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிட வேண்டாம். தாத்தாவின் தோளில் இருந்த தசை பட்டினியோடு சேர்ந்து வந்தது. கருவாடும் ரசமும் கள்ளும் சேர்ந்த அந்த உடம்பு ஐம்பதில் தேய்ந்துவிட்டது. அவருக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது: தூக்கவும் செய்யலாம், தூக்கியதற்கு ஏற்றபடி சாப்பிடவும் செய்யலாம்.

கொழுப்பும் குறைந்து தசையும் கூடுவது எப்படி? தசையைக் கட்டப் புரதம் வேண்டும், கட்டுகிற வேலைக்கு எரிபொருள் வேண்டும். எரிபொருள் வயிற்றைச் சுற்றி ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. செங்கல்லை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், அதாவது புரதத்தை. சாப்பாட்டைக் கொஞ்சமாகக் குறைத்து, புரதத்தை மட்டும் கூட்டி, எடையும் தூக்கினால் உடம்பு பழைய சேமிப்பை எரித்துப் புதியதைக் கட்டும். வெறும் பட்டினி கிடந்தால் கொழுப்போடு இருக்கிற தசையும் சேர்ந்து கரையும். "நான் பத்து கிலோ இறங்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு கன்னம் ஒட்டிப்போய் வருகிறவனைப் பார்த்திருப்பீர்கள். அவனுக்கு வயிறு இன்னும் இருக்கும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். எடை கூடிய இளைஞர்கள் நாற்பது பேர். தேவையான சாப்பாட்டில் ஐந்தில் இரண்டு பங்கை வெட்டிவிட்டு, நான்கு வாரம், வாரத்துக்கு ஆறு நாள் கடும் பயிற்சி. ஒரு பாதிப் பேருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 2.4 கிராம் புரதம், மறு பாதிக்கு 1.2 கிராம். நான்கு வாரம் கழித்து, கூடுதல் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைந்திருந்தது, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ ஏறியிருந்தது. மற்றவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது. தசைப்பக்கம் ஏறியது 0.1 கிலோ, அதாவது ஒன்றுமில்லை. அவ்வளவு குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டே தசை ஏறியது என்பதுதான் நமக்குச் சேதி. அந்த முறையை அப்படியே செய்யாதீர்கள். அது நான்கு வாரச் சோதனை, சாப்பாட்டை ஆய்வாளர்களே தயாரித்துக் கொடுத்தார்கள். ஷிஃப்டு வேலைக்குப் போகிறவன் ஆறாம் நாளே விழுந்துவிடுவான்.

இது யாருக்கு நன்றாக வரும்? புதிதாகத் தூக்க ஆரம்பிப்பவனுக்கு. வயிறு இருப்பவனுக்கு. இரண்டு வருஷம் தூக்கிவிட்டு, கல்யாணம் குழந்தை என்று நிறுத்தி, இப்போது திரும்பி வருபவனுக்கு. ஏற்கெனவே வயிற்றில் கட்டம் கட்டமாகத் தெரிகிற ஆளுக்கு மெதுவாகத்தான் வரும். அவன் இந்தக் கடிதத்தை இத்தோடு மடித்து வைத்துவிடலாம்.

இனிச் சாப்பாடு. இதில்தான் நாம் எல்லோரும் விழுகிறோம்.

புரதக் கணக்கு எளியது. 2018இல் வந்த ஒரு தொகுப்பு, 49 ஆய்வுகளையும் 1,863 பேரையும் சேர்த்துப் பார்த்தது. எடை தூக்குபவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடத் தசை கூடுகிறது, அதற்கு மேல் பெரிய லாபம் தெரியவில்லை என்றது. சாப்பாட்டைக் குறைக்கும் காலத்தில் கொஞ்சம் கூட வைத்துக்கொண்டால் நல்லது. 70 கிலோ ஆளுக்கு நாளுக்கு 112 கிராம். நூறு கிலோ இருந்தால் நூறை வைத்துப் பெருக்க வேண்டாம், போய்ச் சேர நினைக்கிற எடையை வைத்துப் பெருக்குங்கள்.

112 கிராம் என்றவுடன் பயந்து, நூற்றைம்பது இருநூறு வெள்ளி கொடுத்துப் புரத மாவு டப்பா வாங்க ஓடாதீர்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம். காலையில் மூன்று முட்டை என்றால் பதினெட்டு. மதியம் சமைத்த கோழி உள்ளங்கையளவு, முப்பது. மாலையில் ஒரு கிண்ணம் அவித்த கொண்டைக்கடலையும் ஒரு குவளை பாலும், இருபதுக்குக் கிட்ட. இரவு இரண்டு கெம்போங் மீன், முப்பது. தெம்பே நூறு கிராம், கிட்டத்தட்ட பத்தொன்பது. கணக்கு முடிந்தது. பாசிர் பெனாம்பாங்கில் படகு வந்து நிற்கிற ஊரில், செகிஞ்சானில் வலை இழுக்கிற கடற்கரையில், புரதத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. தெம்பேயை "மலாய்க்காரன் சாப்பாடு" என்று ஒதுக்குகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. மெல்லிசாக வெட்டி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டி, கருவேப்பிலையோடு கல்லில் வாட்டிக் கொடுங்கள். எதில் செய்தது என்று கேட்காமல் சாப்பிடுவார்கள்.

புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் எல்லாம் நின்றுவிடும் என்று ஒரு கவலை. நின்றுவிடத் தேவையில்லை. தெம்பே, தௌஃபு, பருப்பு, மொச்சை, தயிர், பால் இருக்கின்றன. சைவ நாட்களில் நம் தட்டில் நடப்பது வேறு: மீனும் கோழியும் இருந்த இடத்தை இன்னொரு கரண்டி சோறும் அப்பளமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் பிடித்துக்கொள்கின்றன. சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லிக் கெட்டியாக வைக்கச் சொல்லுங்கள், அடியில் இருந்து மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

குறைக்க வேண்டியது எங்கே? சோற்றிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் குவளையிலிருந்து தொடங்குங்கள். கெட்டிப்பால் ஊற்றிய ஒரு தே தாரிக்கில் ஏறத்தாழ 150 கலோரி, சில கடைகளில் அதற்கும் மேல். வேலைக்கு முன் ஒன்று, இடைவேளையில் ஒன்று, மாமாக் கடையில் பந்து பார்க்கும்போது ஒன்று. வயிறு நிறையாமலே நானூற்றைம்பது கலோரி உள்ளே போய்விட்டது. கொழுப்பு குறைய ஒரு நாளைக்குக் குறைக்க வேண்டியதே முந்நூறிலிருந்து ஐந்நூறு கலோரிதான். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் குடிக்கப் பழகியவன் பாதி வேலையை முடித்துவிட்டான். பீருக்கும் சம்சுவுக்கும் இதே கணக்கு. அவற்றில் உள்ள ஆல்கஹால் ஒரு கிராமுக்கு ஏழு கலோரி, கூடவே கடலையும் பொரித்த கோழியும்.

அடுத்தது எண்ணெய். இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனைத் தோட்டம் போட்டது எங்கே தெரியுமா? உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில், 1917இல். ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை நட்டது. பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் வாங்கிக்கொண்டு போனவர். நூறு வருஷத்துக்குப் பிறகு அந்தச் செம்பனை இரண்டரை வெள்ளிப் பாக்கெட்டாக நம் அடுப்படிக்குத் திரும்பி வந்திருக்கிறது. மலிவு என்பதால் ஊற்றுகிற கைக்கு அளவில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. சம்பலின் மேல் சிவப்பாக மிதப்பதை வழித்து எடுத்து வைத்தாலே ஒரு நாள் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியும். எண்ணெய் விஷம் என்று நான் சொல்லவில்லை. கரண்டியால் அளந்து ஊற்றுங்கள் என்கிறேன்.

சோற்றை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை, அவசியமும் இல்லை. தட்டில் முதலில் மீனையோ கோழியையோ பருப்பையோ வையுங்கள், அடுத்து கீரையும் காயும், கடைசியில் சோறு. நாம் செய்வது தலைகீழ்: சோற்று மலை, அதன் உச்சியில் ஒரு துண்டு கோழி. ரொட்டி சானாய் வேண்டுமா, ஒன்று போதும். கூட இரண்டு அவித்த முட்டை கேளுங்கள், பருப்புச் சாற்றை இரண்டு கரண்டி கூடக் கேளுங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். தூக்குகிற நாளில் தூக்குவதற்கு முன்னும் பின்னும் சோறு சாப்பிடுங்கள், அது வேலைக்குப் போய்விடும்.

மாவு டப்பா பற்றி ஒரு வார்த்தை. வே மாவு பாலிலிருந்து எடுத்த புரதம், ஒரு கரண்டியில் இருபத்தைந்து கிராம் போல் கிடைக்கும். வேலை நேரத்தில் சாப்பிட வழியில்லாதவனுக்கு வசதி. மற்றபடி முட்டைக்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை. கிரியேட்டின் தினம் மூன்றிலிருந்து ஐந்து கிராம் எடுத்தால் கொஞ்சம் பலம் கூடும், அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. இவை தவிர, பாசார் மாலாமிலும் வாட்சப்பிலும் விற்கும் "கொழுப்பு கரைக்கும் காப்பி"யைத் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்து ஒளித்துக் கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையை விட்டு எடுக்கப்பட்ட மருந்து அது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் மூன்று மாதத்தில் ஏறும் என்று காதில் ஓதுகிற அண்ணன் ஒருவர் எல்லா ஜிம்மிலும் இருப்பார். அது ஏறும், உண்மைதான். விதை சுருங்கும், ரத்தம் தடிக்கும், இதயம் தடிக்கும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும், சொல்லமாட்டார்.

பயிற்சியைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் போதும். உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது என்று ஐந்து வேலை. புஜத்தை மட்டும் மடக்கி மடக்கி வீங்கவைப்பவர்களைக் கால் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு பெரிய தசைக்கும் வாரத்துக்குப் பத்து சுற்று போல் கணக்கு வையுங்கள். ஒவ்வொரு சுற்றையும், இன்னும் இரண்டு தடவைதான் முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். எடை பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சின்ன எடையையும் அந்த இடம் வரை தூக்கினால் தசை வளர்கிறது. ஆக, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இருபது கிலோ, அரிசி மூட்டை பத்து கிலோ, பழைய லாரி டயர் இருக்கிறது. இரண்டு கேனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு லயத்து முனை வரை நடந்து வாருங்கள். தாத்தாவின் காண்டா வேலை அதுதான். முக்கியம், ஒரு நோட்டுப் புத்தகம். போன வாரம் எட்டு தடவை என்றால் இந்த வாரம் ஒன்பது. பன்னிரண்டு வந்ததும் எடையைக் கூட்டுங்கள், எட்டுக்கு இறங்குங்கள். இதை எழுதி வைக்காதவன் வருஷக்கணக்கில் ஒரே எடையைத் தூக்கிக்கொண்டிருப்பான். மற்ற நாட்களில் நடங்கள். கோலசிலாங்கூர் பக்கம் இருப்பவர்களுக்கு மலாவத்தி குன்று இருக்கிறது. மேலே குரங்குகளுக்குத் தீனி போடாமல் ஏறி இறங்கினால் இருவருக்கும் நல்லது.

தராசு உங்களைக் கடுப்பேற்றும். ஒரு கிலோ கொழுப்பு போய் ஒரு கிலோ தசை வந்தால் முள் அசையாது, நீங்கள் "ஒண்ணும் நடக்கலை" என்று விட்டுவிடுவீர்கள். தையல்காரரின் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, காலையில், தொப்புள் நேராகச் சுற்றி அளங்கள். நம் ஊர் அளவுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே வர வேண்டும். இடுப்பு குறைகிறது, நோட்டில் எடை ஏறுகிறது என்றால் எல்லாம் சரியாகப் போகிறது, தராசு என்ன சொன்னாலும் சரி. மூன்று மாதத்துக்கு முன்னால் கண்ணாடியில் எதையும் தேடாதீர்கள்.

இரவு ஷிஃப்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சிகாகோவில் பத்துப் பேரை வைத்து 2010இல் வெளிவந்த சிறு ஆய்வு. ஒரே அளவுச் சாப்பாடு, இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்கை, இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். இரண்டிலும் குறைந்த எடை ஏறக்குறைய மூன்று கிலோ. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான், மீதியெல்லாம் தசையும் நீரும். காலையில் வீடு வந்து, போனைப் பார்த்தபடி பத்து மணி வரை விழித்திருக்கிறவன் தட்டில் மிச்சம் பிடித்ததைத் தூக்கத்தில் தோற்கிறான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுவிட்டுப் படுங்கள். தூங்காத நாளில் தூக்காதீர்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்வாருங்கள். ஒரு வெள்ளிச் சீட்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் பார்த்துவிடலாம். நல்ல சிறுநீரகத்துக்கு மேலே சொன்ன புரதம் கேடு செய்வதில்லை. ஏற்கெனவே கெட்டிருந்தால் மருத்துவர் சொல்கிற அளவுதான். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லாசைடு மாத்திரை எடுப்பவர்களும் தாங்களாகச் சோற்றைக் குறைத்துக்கொண்டு எடை தூக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுந்துவிடுவார்கள். மருந்தளவை மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். நாற்பது தாண்டிய அப்பா அம்மாவுக்கு, குடும்பம் அரசின் உதவித்தொகைப் பட்டியலில் இருந்தால், பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அவர்களையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

அவர்களைத் தூக்கவும் சொல்லுங்கள். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் ஏறியது. ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு "வயசாயிருச்சு" என்று சொல்வதற்கு இனி யாருக்கும் உரிமையில்லை.

கடைசியாக, எடை தூக்கும் இடமாகிவிட்ட தோட்டத்து மண்டபங்களையும் கோவில் கொட்டகைகளையும் பார்த்துக்கொள்கிற தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆறு மணிக்கு நுழைந்து பாட்டைச் சத்தமாகப் போட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டால் எந்தத் தங்கச்சி உள்ளே வருவாள்? வாரத்தில் இரண்டு மாலை, ஆறரையிலிருந்து எட்டு வரை, மண்டபத்தைப் பெண்களுக்கு விட்டுவிடுங்கள். சாவியை அவர்களில் ஒருவரிடமே கொடுங்கள். உங்கள் கம்பி அவர்களுக்குப் பெரிது, அதனால் பால்மாவு டின்னில் சிமெண்டு ஊற்றி இரண்டு கிலோ, நான்கு கிலோ, ஆறு கிலோ என்று ஜோடி ஜோடியாகச் செய்து வையுங்கள். நடுவில் குழாய்த் துண்டு செருகினால் பிடி கிடைத்துவிடும். ஒரு மூட்டை சிமெண்டு இரண்டு மண்டபத்துக்குப் போதும். ஊற்றியபின் ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்க மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் விரிசல் விட்டுவிடும்.

அன்புடன்,
கித்தாத் தோட்டத்தில் பிறந்த உங்கள் அண்ணன்